ஈசானி மூலையில் அரைக் கிலோ சர்க்கரை

கட்டைவிரல் உள்ளே போகிறது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் போனது, அதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலும் போனது, இப்போதும் நகக்கண் முழுகும்வரை தாராளமாகப் போகிறது. நாலு முழம் தள்ளிக் குத்தினால் போகவில்லை, விரல்தான் நோகிறது. நேற்றுக் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் கொட்டி முடித்த தளம் இன்று விடியும்போது எப்படி இருக்கவேண்டுமோ அப்படித்தான் மற்ற இடமெல்லாம் இருக்கிறது. நடக்கலாம், உட்காரலாம், நான் உட்கார்ந்துதான் இருக்கிறேன். இந்த ஈசானி மூலையில் நாலடிக்கு நாலடி மட்டும் பொழுது விடிந்தது தெரியாமல் கிடக்கிறது. பனியாக இருக்கும். பனி மூலையில் மட்டுமா பெய்யும், சவரிமுத்து? அப்படியானால் தண்ணீர் கூடியிருக்கும், மிஷின்காரன் முதல் கலவைக்கு எப்போதுமே ஒரு குடம் கூட ஊற்றுகிற ஆள். ஊற்றட்டுமே, ஒரு குடம் தண்ணீர் இருபத்திரண்டு மணி நேரமாகவா உள்ளே உட்கார்ந்திருக்கும்? இன்னும் ஒரு தடவை குத்திப் பார்க்கலாம். வேண்டாம், ஏற்கெனவே எட்டுக் குழி இருக்கிறது, பல்லாங்குழி ஆடினேன் என்று நினைப்பார்கள். மணி ஆறு ஐந்து. ஏழு மணிக்கு சார் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "பாத்தி கட்டி வைங்க கொத்தனாரே, முதல் தண்ணி நான்தான் விடுவேன்" என்று நேற்றே சொல்லிவிட்டுப் போனார். வீடு கட்டுகிறவர்களுக்கு இந்த ஆசை உண்டு, முதல் கல் நான், முதல் தண்ணீர் நான் என்று. தளத்தில் தண்ணீர் நிற்கப் பாத்தி கட்டத்தான் விடியுமுன் சைக்கிளை மிதித்து வந்தேன். வந்த இடத்தில் இப்படி. முப்பத்தோரு வருஷத்தில் நான் போட்ட தளம் எதுவும் விரலுக்கு வழிவிட்டதில்லை. ஒரு தடவை குத்திப் பார்த்தால் என்ன குறைந்துவிடும். போகிறது.

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பனி, தண்ணீர் என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை. சொல்லிவிட்டேன். சத்தமாகச் சொல்லவில்லை, மனசுக்குள்தான். ஆனால் நான் வேண்டுமென்றா சொன்னேன்? சார் வீட்டு அம்மா அப்படிக் கேட்டால் யார்தான் சொல்லாமல் இருப்பார்கள். இளஞ்சேரன் சார் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் வாத்தியார். கல்யாணத்தைக் கூட ஐயர் இல்லாமல், ராகுகாலம் பார்த்து, ராகுகாலத்திலேயே பண்ணிக்கொண்டவர். மனை வாங்கின அன்றே என்னிடம் விரலை ஆட்டிச் சொன்னார்: "பூசை கிடையாது, பூசணிக்காய் கிடையாது, திருஷ்டிப் பொம்மை கிடையாது. சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணி. வீடு நிக்கறது இதுலதான்." நானும் ஆமாம் சார் என்றேன். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்காரன், எனக்கென்ன வந்தது. ஆனால் அவருடைய வீட்டுக்காரம்மா தையல்நாயகி இருக்கிறார்களே, அவர்கள் பிறந்த வீட்டில் குத்துவிளக்கே ஏழோ எட்டோ. சார் வரைந்த படத்தில் ஈசானி மூலை அறைக்கு ஸ்டோர் ரூம் என்று எழுதியிருக்கிறது. அது சாமி அறை என்பது எனக்குத் தெரியும், தச்சருக்குத் தெரியும், கரண்டு வேலைக்காரருக்குத் தெரியும், அந்த அறையில் விளக்குமாடம் வைத்து ஸ்டோர் ரூமில் வெளிச்சம் வேண்டாமா என்று அம்மா சாரையே கேட்டு வாயடைத்தாகிவிட்டது. நேற்று மிஷின் சுற்ற ஆரம்பிக்கும்போது அந்த அம்மா மெதுவாக என் பக்கத்தில் வந்து, "கொத்தனாரே, தளம் போடும்போது ஒண்ணுமேயா செய்யக்கூடாது? அவருக்குத் தெரியாத மாதிரி ஒரு சின்ன சாஸ்திரம் கூடவா இல்ல?" என்றார்கள். இல்லை அம்மா என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை மட்டும் எனக்கு வாயில் வராது. மஞ்சள் என்றால் நிறம் காட்டிக் கொடுக்கும். பூ என்றால் மிதக்கும். காசு போட்டால் மிஷினுக்குள் சத்தம் கேட்கும். கற்பூரம் போட்டால் வாசனைக்கு சார் நாலு வீடு தாண்டி வந்து நிற்பார். அப்போதுதான் டீக் கொதிக்கிற அடுப்புப் பக்கத்தில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். கரைந்துபோகும், வெள்ளையாக இருக்கும், வாசனை கிடையாது. "சர்க்கரை அம்மா. முதல் கலவையில சர்க்கரை. குடும்பம் இனிச்சுக் கிடக்கும்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அது நூறு வருஷத்து வழக்கமாகத் தோன்றியது. "எவ்வளவு கொத்தனாரே?" அங்கேதான் கெட்டேன். ஒரு சிட்டிகை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "மனசுக்கு எவ்வளவு தோணுதோ அவ்வளவு" என்று பெரிய மனுஷன் மாதிரி கையை விரித்தேன். அந்த அம்மாவுக்கு மனசு பெரிது. அரைக் கிலோவும் மிஷினுக்குள் போய்விட்டது, அந்த முதல் கலவைதான் ஈசானி மூலையில் விழுந்தது. அப்புறம் வந்த டீயில் சர்க்கரை இல்லாமல் பதினாறு ஆள் முகம் சுளித்தார்கள், சார் மட்டும் உறிஞ்சிக் குடித்து, உடம்புக்கு இதுதான் நல்லது என்றார்.

இந்தப் பழக்கம் எப்போது வந்தது? யோசித்தால் தலைமுறைக்கும் போகவேண்டாம், துறையூர் ரோட்டில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் போட்டபோது வந்தது. அந்த வீட்டு மருமகன் ஒரு தொணதொணப்பு. குழி ஏன் இவ்வளவு ஆழம், கம்பி ஏன் இவ்வளவு கனம், எங்கள் ஊரில் இப்படி இல்லையே என்று காதுக்குள்ளேயே நின்றார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, முதல் கல் வைக்கும்போது வீட்டு மருமகன் குழிக்கு முதுகைக் காட்டி நிக்கணும், பேசக்கூடாது, அதுதான் முறை" என்றேன். சட்டென்று திரும்பி நின்றுகொண்டார். பெண்கள் எல்லாம், ஆமாம் ஆமாம், கேள்விப்பட்டிருக்கிறோம் என்றார்கள். எங்கே கேள்விப்பட்டார்கள்? நான் சொல்லி அரை நிமிஷம் ஆகவில்லை. ஒரு வாய் வார்த்தை, அவ்வளவுதான், அது கால் முளைத்து நடக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷம் முசிறியில் ஒரு கொத்தனார் மருமகனைத் திருப்பி நிறுத்தினார் என்று கேள்வி. அதற்கடுத்த வருஷம் என் மாமியார் வீட்டில் புதுவீடு எடுத்தபோது, யாரோ முகம் தெரியாத ஒரு கொத்தனார் என்னைப் பார்த்து, "நீங்க மருமகனா? அப்படித் திரும்பி நில்லுங்க" என்றார். நானும் கொத்தனார்தான், இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டேன். "பரம்பரை பரம்பரையா வர்றது, நீங்களும் கொத்தனார்ங்கறீங்க, இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல முடியுமா? சித்திரை மாத வெயிலில் முக்கால் மணி நேரம் முதுகைக் காட்டி நின்றேன். என் வீட்டுக்காரி ஞானசௌந்தரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அவளுக்குத் தெரியும். "உங்க வாய் போடற காங்கிரீட்டுதான் உடனே கெட்டியாயிடுது" என்று அன்றைக்குச் சொன்னாள். இன்றைக்கு இதைப் பார்த்தால் என்ன சொல்லுவாள். சொல்லமாட்டாள், சிரிப்பாள், அதுதான் தாங்காது.

எறும்பு. இது எப்போது வந்தது? முதலில் தளத்தின் ஓரமாக நாலைந்து தெரிந்தது, கம்பி நுனியில் ஊர்கிறது, பரவாயில்லை என்று விட்டேன். இப்போது சாரத்துக் கழியைப் பிடித்து வரிசை கட்டி ஏறுகிறது. சின்ன எறும்பு, கடிக்காத ஜாதி. தளம் அறுநூறு சதுர அடி இருக்க, அவ்வளவும் விட்டுவிட்டு இந்த நாலடியைச் சுற்றிக் கரைபோட்ட மாதிரி நிற்கிறது. கைத்துண்டால் விசிறினேன். கலைகிறது, மறுபடி கூடுகிறது. எறும்புக்குத் தெரிந்துவிட்டது, சாருக்குத் தெரிய எவ்வளவு நேரம். ஆரோக்கியம் சொன்னானே. இதைத்தான் இவ்வளவு நேரம் நினைக்காமல் இருந்தேன், எறும்பு வந்து கிளறிவிட்டது. ஆரோக்கியம் என் மச்சான், காங்கிரீட் லாரி ஓட்டுகிறவன், முதுகில் பெரிய உருளை சுற்றிக்கொண்டே போகுமே அந்த லாரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நான விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: "வண்டி நடுவழியில நின்னு போச்சுன்னா சர்க்கரையை உள்ள கொட்டிடுவோம் மச்சான். சிமெண்டு இறுகவே இறுகாது. இல்லாட்டி உருளையோட கல்லாயிடும்." அதற்கு நான் என்ன சொன்னேன்? "இது எனக்குத் தெரியாதாடா" என்றேன். நிஜமாகவே தெரியாது. தெரியாதது மட்டுமா, காதிலேயே வாங்கவில்லை, பிரியாணியில் ஒரு நல்லி எலும்பு வந்திருந்தது, அதைத் தட்டுவதில் கவனமாக இருந்தேன். ஏன் இறுகாது, எவ்வளவு போட்டால் இறுகாது, அப்புறமாவது இறுகுமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். காதுக்குள் இரண்டு வருஷம் தூங்கின பேச்சு இன்று கட்டைவிரலைத் தொட்டு எழுந்திருக்கிறது. அந்தோணியாரே. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் வேலை, இறுகாததை இறுக வைப்பதற்கு எந்தப் புனிதரைக் கேட்பது என்று தெரியவில்லை. பார், மனசுக்குள் தெரியவில்லை என்று எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஆறு நாற்பது. மூன்று வழி இருக்கிறது. சிமெண்டைக் குறை சொல்லலாம், கடைக்காரர் இங்கே இல்லை, எதிர்த்துப் பேசமாட்டார். மிஷின்காரன் தலையில் போடலாம், அவனும் இல்லை. மூன்றாவது, இதோ கால் மூட்டை சிமெண்டு மிச்சம் இருக்கிறது, மேலே தூவி, கரண்டியால் நாலு இழுப்பு இழுத்து, பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்திவிட்டால் போதும். தண்ணீருக்குள் யார் விரலை விட்டுப் பார்க்கப் போகிறார்கள். எறும்பும் நீந்தாது. மேல்தோல் கல்லாகிவிடும். கையில் கரண்டி ஏற்கெனவே இருக்கிறது, எப்போது எடுத்தேன்? மூட்டை வாயைக் கூடப் பிரித்திருக்கிறேன். இது தானாக நடக்கிற மாதிரி நடக்கிறது. மூன்று வாரம் கழித்து அடியில் தாங்குகிற முட்டுக்கழிகளைத் தட்டி எடுப்போம். மேலே தோல், உள்ளே களி. விழும், அல்லது விழாது. சர்க்கரை ஒருவேளை மெதுவாக விட்டுக்கொடுத்து, பத்து நாளில் இறுகிவிட்டால்? இறுகலாம். இறுகாவிட்டால்? அந்த அம்மா கீழே மணை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சார் பள்ளிக்கூடம் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் சாமி படத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, குடும்பம் இனிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். மேலே நான் சொன்ன பொய் தொங்கிக்கொண்டிருக்கும். சுவர் கோணினால் பூசி மறைத்திருக்கிறேன், நிலை சாய்ந்தால் ஆப்பு வைத்திருக்கிறேன், பெருமைக்காகச் சொல்லவில்லை, எல்லாக் கொத்தனாரும் செய்வதுதான். ஆள் உட்காருகிற இடத்துக்கு மேலே நான் மறைத்ததில்லை. அப்படியானால் உண்மையைச் சொல். சொன்னால் அந்த அம்மா மாட்டிக்கொள்வார்கள். முப்பது வருஷமாக மூடநம்பிக்கையை எதிர்த்து மேடையேறிப் பேசுகிறவர், அவர் வீட்டுத் தளத்திலேயே அவர் பெண்டாட்டி சாஸ்திரம் பண்ணினாள் என்றால் அந்த மனுஷன் என்ன பாடு படுத்துவாரோ. ஸ்டோர் ரூமும் சேர்ந்து வெளியே வரும். நான் வாயை வைத்த இடமெல்லாம் புண்ணாகும் போலிருக்கிறது. மூட்டை வாயை மறுபடி சுருட்டி மூடினேன். கீழே கேட் சத்தம். ஏழு ஆகவில்லையே, ஐந்து நிமிஷம் இருக்கிறதே, வாத்தியார்கள் ஏன் எப்போதும் மணியடிப்பதற்கு முன்னால் வருகிறார்கள்.

சார் குழாயைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு ஏறிவந்தார், பின்னாலேயே அம்மா. "என்ன கொத்தனாரே, இங்கேயே படுத்துட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே மூலைப் பக்கம் காலை எடுத்தார். "கால வைக்காதீங்க சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மனையில் நாய் குரைத்தது. சார் குனிந்தார், எறும்பைப் பார்த்தார், ஒன்பது குழியையும் பார்த்தார், தானும் ஒரு குழி போட்டார். முகம் வகுப்புக்குள் நுழைகிற முகமாக மாறிவிட்டது. "சிமெண்டு போலி. நேத்தே சந்தேகப்பட்டேன். கடைக்காரனை இன்னைக்கு விடறதில்ல" என்று போனை எடுத்தார். இதைத்தானே நானும் முதல் வழியாக வைத்திருந்தேன், கேட்காமலே கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். ஒரு தலையாட்டல் போதும். அந்த அம்மாவைப் பார்த்தேன். முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். என்னைக் காட்டிக்கொடுக்காதே என்று கேட்கிற பார்வையாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அது அப்படி இல்லை. என் வீடு விழுந்துவிடுமா என்று கேட்கிற பார்வை. "சார், போனை வைங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொன்னேன். "சிமெண்டு நல்ல சிமெண்டு. முதல் கலவையில சர்க்கரை விழுந்திருக்கு. நான்தான் போட்டேன்." பாருங்கள், உண்மையைச் சொல்ல வந்த இடத்திலும் ஒரு பொய். "நீங்க ஏன் சர்க்கரை போடணும்?" "வீடு இனிக்கும்னு ஒரு சாஸ்திரம் சார்." "எந்த சாஸ்திரத்துல இருக்கு?" அவர் கேட்ட கேள்வியை முப்பத்தோரு வருஷத்தில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. "எதுலயும் இல்ல சார். நானா உண்டாக்குனது. யாராவது கேட்டா, தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஏதாவது சொல்லிடுவேன். நிறைய வீட்ல சொல்லியிருக்கேன்." அப்போது அந்த அம்மா முன்னால் வந்து, "அவர் போடலைங்க. நான்தான் கேட்டேன், நான்தான் போட்டேன். மனசுக்குத் தோணுற அளவு போடுங்கன்னு சொன்னார். எனக்கு அரைக் கிலோவும் தோணுச்சு" என்றார்கள்.

சார் ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். மூடநம்பிக்கை என்று தொடங்கினால் ஒன்பது மணிவரை போகும். அவரோ மூலையையே பார்த்துக்கொண்டு, "வெட்டி எடுக்கணுமா?" என்றார். "எடுத்துத்தான் ஆகணும் சார். கம்பியைக் கழுவிட்டு, சிமெண்டுப் பால் ஊத்தி, இன்னைக்கே புதுசாக் கொட்டிடறேன்." "எல்லாத்தையுமா?" "அடிப்பலகை தெரியற வரைக்கும்." "இந்த ஓரத்துல கொஞ்சம் விட்டுடலாமே." "ஓரம்தான் சார் சுவர்மேல உக்காருது, அதை எப்படி விடறது?" "மெதுவா எடுங்க அப்ப" என்றார், என்னவோ அடியில் குழந்தை தூங்குகிற மாதிரி. கரண்டியை விட்டு அள்ளினேன். களி கிண்டினது போல வந்தது. ஒரு சட்டி நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது, கடைசி மூலையில் இரண்டு கம்பிக்கு நடுவே கரண்டி எதிலோ இடித்தது. ஜல்லி என்று நினைத்தேன். ஜல்லி உருளாது. வழித்துவிட்டுத் துண்டால் துடைத்தேன். எலுமிச்சம்பழம். மஞ்சள் மாறாமல், ஒரு பக்கம் குங்குமம் ஒட்டிக்கொண்டு. "நான் வைக்கலைங்க" என்றார்கள் அம்மா, பதறிப்போய். "சத்தியமா நானும் வைக்கல" என்றேன். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். சார் தோளில் இருந்த குழாயின் முனையில் அடைப்பு இருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வச்சீங்க?" என்று அம்மா கேட்டார்கள். "நீ டீ எடுக்கக் கீழே போனப்ப" என்றார் சார், குழாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டு. அந்த அம்மா முதலில் வாயைப் பொத்தினார்கள், பிறகு பொத்த முடியவில்லை, சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் எனக்கு வேலை இருந்தது. சார் குழாயைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிறைந்த சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துப் பழக்கமில்லாமல் இடுப்பில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது என் பக்கத்தில் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில், "மறுபடி கொட்டும்போது அதைப் பழைய இடத்துலயே வச்சிடலாமா?" என்று கேட்டார். "உள்ளே வேண்டாம் சார், அழுகினா அந்த இடம் பொந்தாயிடும். வெளியில, வாசல்ல கட்டுங்க." "வாசல்லயா? நாலு பேர் பார்ப்பாங்களே கொத்தனாரே" என்று சொல்லிவிட்டு, பழத்தை வேட்டி நுனியில் நன்றாகத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த சட்டிக்குக் கையை நீட்டினார்.